கான்டின்ஃப்ளாஸா, டின் டானா: எவரிடமிருந்து தொடங்குவது?

பழைய மெக்சிகோ நகைச்சுவைப் படங்களைப் பார்க்க நினைப்பவர்கள் இந்த இருவரிடம்தான் தடுமாறுகிறார்கள். இருவருமே மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர்கள்.

வளர்ந்த இடம்
கான்டின்ஃப்ளாஸ் (மரியோ மொரேனோ, 1911–1993): மெக்சிகோ நகரம், கூடார நாடகங்களில் பழகியவர்.
டின் டான் (ஹெர்மான் வால்தேஸ், 1915–1973): அமெரிக்காவை ஒட்டிய எல்லை ஊரான சியுதாத் ஹுவாரெஸ், வானொலியில் தொடங்கியவர்.

பேச்சு
கான்டின்ஃப்ளாஸ்: நிற்காமல் பேசுவார், கடைசிவரை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அவர் பெயரிலிருந்து பிறந்த ‘கான்டின்ஃப்ளியார்’ என்ற வினைச்சொல் ஸ்பானிய அகராதியிலேயே ஏறிவிட்டது. 1940இல் வந்த ‘ஆயி எஸ்தா எல் தெதாயே’யின் நீதிமன்றக் காட்சியைப் பாருங்கள். விசாரணை ஒரு மனிதனின் கொலையைப் பற்றி. இவரோ தான் கொன்ற நாயைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பதில் சொல்கிறார். போகப் போக நீதிபதியும் வக்கீல்களும் அவரைப் போலவே உளறத் தொடங்குவார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காத காட்சி.
டின் டான்: ஸ்பானியத்தில் ஆங்கிலம் கலந்த எல்லைப் பேச்சு.

உடல், பாட்டு
கான்டின்ஃப்ளாஸ்: இடுப்பிலிருந்து நழுவும் கால்சட்டை, உதட்டோரம் இரண்டு துளி மீசை.
டின் டான்: இறகு செருகிய தொப்பி, நீளக் கோட்டு, பாட்டும் ஆட்டமும் கூடவே வரும். இதில் இவர்தான் மேல்.

சரி, யாருக்கு எது? ஸ்பானியம் கற்பவருக்கு கான்டின்ஃப்ளாஸ். ஆனால் சப்டைட்டிலில் அவருடைய பாதி அழகு போய்விடும். மொழியே தெரியாதவர் டின் டானின் ‘எல் ரேய் தெல் பாரியோ’விலிருந்து தொடங்கலாம்.