பாவித்த மக்புக் வாங்குகிறீர்களா? காசு கொடுக்கமுன் கடையிலேயே அழித்துப் பாருங்கள்

கொழும்பில் பாவித்த மக்புக் (அப்பிள் நிறுவனத்தின் லப்டொப்) வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைக்காரர் திரையைத் திறந்து காட்டுவதை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். மெஷினுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் அங்கேயே முழுதாக அழித்து, உங்கள் போனின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து, முதலிலிருந்து செட்டப் செய்து பாருங்கள். அதற்குக் கடைக்காரர் சம்மதிக்காவிட்டால் வாங்க வேண்டாம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் ஏன் என்று விளங்கும்.

எங்கள் வீட்டில் 2012ஆம் ஆண்டு மக்புக் புரோ ஒன்று நெடுங்காலம் உழைத்தது. அடியிலுள்ள பத்து ஆணிகளைக் கழற்றினால் மெமரி (ரம்) மாற்றலாம், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடலாம். இரண்டையும் நானே வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் செய்திருக்கிறேன். அது ஓய்ந்தபோது மனைவிக்கு உடனே ஒரு மெஷின் தேவைப்பட்டது. அவர் பின்னேரங்களில் ஒன்லைனில் கணித வகுப்பு எடுக்கிறார். புதிது வாங்குவது எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இப்போது இலேசான காரியம் இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பிறகு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவேயில்லை. அதனால்தான் இங்கே பாவித்த லப்டொப் வியாபாரம் இவ்வளவு பெருகியிருக்கிறது.

நான் தேடியது அப்பிளின் சொந்த எம்1 சிப் உள்ள மக்புக் எயார். 2020 நவம்பரில் வந்தது. உள்ளே விசிறி இல்லை, சூடாவதும் குறைவு, பற்றரி நீண்ட நேரம் நிற்கும். 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட ஊரில் அதன் அருமை எல்லாருக்கும் தெரியும். 2025இல் வெளியான மக்ஓஎஸ் டாஹோ இயங்குதளமும் அதில் ஓடுகிறது. பாவித்ததாக வாங்குவதற்கு இன்றும் நல்ல மெஷின்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

பம்பலப்பிட்டிப் பக்கம் காலி வீதியில் ஒரு கடையில் 195,000 ரூபாவுக்கு ஒன்று கிடைத்தது. கடையின் பெயரை எழுதவில்லை. இந்த வேலையைச் செய்வது ஒரு கடை மட்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. மெஷின் பார்வைக்கு மிகச் சுத்தமாக இருந்தது. பற்றரியின் சார்ஜ் சுழற்சி (முழுச் சார்ஜ் அளவு தீர்ந்த தடவைகள்) 200ஐச் சற்றுத் தாண்டியிருந்தது. இந்த மாடலுக்கு அப்பிள் சொல்லும் எல்லை 1000. சீரியல் இலக்கத்தை அப்பிளின் தளத்தில் போட்டுப் பார்த்தேன், மாடலும் மற்ற விவரங்களும் பொருந்தின. பழைய உரிமையாளரின் ஐகிளவுட் (அப்பிளின் இணையச் சேவை) கணக்கு எதுவும் அதில் இல்லை. ஆறு மாத வாரண்டி, சீரியல் இலக்கம் எழுதிய பில், எல்லாம் தந்தார்கள். “எல்லாம் ரெடி பண்ணி வச்சிருக்கிறம் அண்ணா, கொண்டுபோய்ப் பாவிக்கிறதுதான் வேலை” என்றார் கடைக்காரர். அவர்கள் உண்டாக்கிய ஒரு பயனர் கணக்கு ஏற்கெனவே திறந்திருந்தது.

மாணவர்களின் பரீட்சை முடியும்வரை மனைவி அதிலேயே வகுப்பு எடுத்தார். ஒரு குறையும் இல்லை. விடுமுறை வந்ததும், கடைக்காரரின் கணக்கை அகற்றிவிட்டு எங்கள் குடும்பக் கணக்கோடு ஒழுங்காகச் சேர்ப்போம் என்று மெஷினை முழுவதுமாக அழித்தேன். மக்கின் டைம் மெஷின் என்ற வசதியால் பக்கப் எடுத்து வைத்திருந்ததால் கோப்புகள் தப்பின. மெஷின் திரும்ப எழுந்து, மொழி கேட்டு, நாடு கேட்டு, வைஃபையோடு இணைந்தது. அடுத்து வந்த திரையில் ‘ரிமோட் மனேஜ்மென்ட்’ என்று பெரிய தலைப்பு. அதன் கீழே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பெயர். அந்த நிறுவனம் இந்த மக்கை ஒழுங்குபடுத்தும் என்று ஒரு வரி. அதைத் தாண்டிப் போக அந்த நிறுவனத்தின் ஊழியர் கணக்கும் கடவுச்சொல்லும் கேட்டது.

இது என்னவென்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். பலர் இதை ஐகிளவுட் பூட்டோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அந்தக் குழப்பத்தில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. ஐகிளவுட் பூட்டு தனி ஆளுடையது. அவர் தன் கணக்கிலிருந்து மெஷினை நீக்கினால் விடுபட்டுவிடும். எங்களுக்கு வந்தது நிறுவனப் பூட்டு. பெரிய நிறுவனங்கள் மொத்தமாக மக் வாங்கும்போது, ஒவ்வொன்றின் சீரியல் இலக்கமும் ‘அப்பிள் பிஸ்னஸ் மனேஜர்’ என்ற அமைப்பில் அந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகிறது. பதிவு இருப்பது அப்பிளின் சேர்வரில், மெஷினுக்குள் இல்லை. அதனால் டிஸ்க்கை அழித்தாலும் மக்ஓஎஸ்ஸைப் புதிதாக ஏற்றினாலும் அது அப்படியே இருக்கும். அழித்த மக் செட்டப்பின்போது இணையத்தில் நுழைந்ததும் சேர்வரைக் கேட்கும், சேர்வர் ‘இது இன்ன நிறுவனத்துடையது’ என்று சொல்லும். விடுவிக்கும் அதிகாரம் அந்த நிறுவனத்துக்குத்தான். வாரண்டிக் காலத்தைப் பார்க்கும் அப்பிளின் தளத்திலோ இந்த விவரம் தெரியாது.

நிறுவனங்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை லப்டொப்களை மாற்றிப் பழையவற்றைத் தொகுதியாக விற்கின்றன. முறையாக விற்பவர்கள் பதிவிலிருந்து நீக்கிவிட்டுத் தருவார்கள். சிலர் நீக்க மறக்கிறார்கள். சில மெஷின்கள் களவு போனவை. இவற்றை வாங்கி விற்பவர்கள் அந்தத் திரை வராதபடி தந்திரமாக ஒரு கணக்கை உண்டாக்கி, சேர்வரோடு பேசும் வழியையும் அடைத்துவிடுகிறார்கள். வாங்கியவர் அழிக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஆனால் இப்படிப்பட்ட மக் ஒருமுறை அந்த நிறுவனத்தின் பிடிக்குள் போய்விட்டால், அவர்கள் தூரத்தில் இருந்தபடியே அதைப் பூட்டலாம், உள்ளே இருப்பதை அழிக்கலாம். என் மனைவியின் மாணவர்களின் புள்ளிகள், எங்கள் வங்கிக் கடிதங்கள், பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. எனக்குக் கோபம் வந்தது காசுக்காக மட்டும் இல்லை.

மெஷினைக் கடைக்குக் கொண்டுபோனேன். திருத்தும் மேசையில் இருந்த தம்பி திரையைப் பார்த்த உடனே கேட்டார்: “அண்ணா, ஏன் இதை அழிச்சனீங்கள்? அப்பிடியே பாவிச்சிருந்தா ஒண்டும் வந்திராது.”

அதாவது அவர்களுக்கு முன்பே தெரியும். அந்த ஒரு பேச்சே எனக்குப் போதுமாக இருந்தது. முதலாளி வந்து, வாரண்டி ஹார்ட்வெயாருக்கு மட்டும்தான், இது சொஃப்ட்வெயார் என்றார். பூட்டு இருப்பதைச் சொல்லாமல் விற்றிருக்கிறீர்களே என்று கேட்டேன். “நாங்களும் வாங்கித்தானே விக்கிறம்” என்றார். பிறகு குரலைத் தணித்து, பதினையாயிரம் தந்தால் பூட்டைத் தாண்டும்படி பைபாஸ் செய்து தருவதாகச் சொன்னார். தெரிந்தே மறைத்து விற்றுவிட்டு, அதைத் திரும்ப மறைப்பதற்கு மேலும் காசு கேட்கிறார்! நான் மறுத்துவிட்டேன். பைபாஸ் செய்தாலும் சீரியல் இலக்கம் அந்த நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும், அடுத்த முறை அழிக்கும்போது அதே திரை வரும்.

திரையில் இருந்த நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கு சீரியல் இலக்கத்தையும் பில்லின் படத்தையும் அனுப்பி எழுதினேன். மரியாதையாகப் பதில் போட்டார்கள். அழித்து அகற்றுவதற்காக ஒரு ஒப்பந்தகாரரிடம் கொடுத்த தொகுதியில் அது இருந்ததாம், சந்தைக்கு வந்திருக்கவே கூடாதாம். தங்கள் சட்டப் பிரிவு பார்க்காமல் விடுவிக்க முடியாது என்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை.

அப்புறம்தான் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போனேன். கொழும்பு 2, வொக்ஸோல் வீதியில் இருக்கிறது. அழைக்க வேண்டிய இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். இந்தக் காலக்கெடுவைத் தயவுசெய்து மனதில் வையுங்கள், ஏனென்றால் ‘நாளைக்கு வாங்கோ, அடுத்த கிழமை வாங்கோ’ என்று கடைக்காரர் இழுப்பது இதற்காகவும் இருக்கலாம். தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். பில், திரையின் படம், நிறுவனத்தின் பதில் மூன்றையும் இணைத்தேன். விசாரணைக்கு முன்பே கடையிலிருந்து அழைப்பு வந்தது. 20,000 ரூபாவைப் பாவித்த கழிவு என்று வெட்டிக்கொண்டு மீதியைத் தந்தார்கள். மனைவியின் வகுப்புகள் தொடங்க இருந்ததால் வாங்கிக்கொண்டேன். அந்த 20,000ஐ எடுத்தது நியாயம் என்று நான் இன்றும் ஒத்துக்கொள்ளவில்லை.

கடையில் செய்ய வேண்டியதைத் திரும்பவும் சொல்கிறேன். எம்1 அல்லது அதற்குப் பிந்திய மக் என்றால் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதிக்குள் போய், ‘எரேஸ் ஆல் கொன்டென்ட் அன்ட் செட்டிங்ஸ்’ என்பதைக் கடைக்காரரைக் கொண்டே அழுத்தச் சொல்லுங்கள். அதிக நேரம் எடுக்காது. இணைக்கும்போது கடையின் வைஃபை வேண்டாம், உங்கள் போனின் ஹொட்ஸ்பொட்டையே கொடுங்கள். கடை வைஃபையில் எந்த முகவரியை அடைத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. ‘ரிமோட் மனேஜ்மென்ட்’ என்றோ ‘அக்டிவேஷன் லொக்’ (முன்பு சொன்ன ஐகிளவுட் பூட்டு) என்றோ திரை வந்தால் அந்த மெஷினை விட்டுவிடுங்கள். எவ்வளவு விலை குறைத்தாலும் சரி. இரண்டும் வராமல் டெஸ்க்டொப் வரை போனால், பில்லில் சீரியல் இலக்கத்தோடு ‘நிறுவனப் பூட்டு இல்லை, இருந்தால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்’ என்று எழுதி வாங்குங்கள். நாங்கள் இரண்டாவதாக வாங்கிய கடையில் இதைக் கேட்டேன். முகம் சுளிக்காமல் அழித்துக் காட்டி, எழுதியும் தந்தார்கள்.

போன கிழமை அந்தப் பழைய கடைப் பக்கம் போனபோது, நான் திருப்பிக் கொடுத்த மெஷின் கண்ணாடி அலுமாரிக்குள் திரும்ப விற்பனைக்கு நிற்கிறது. சாம்பல் நிற எம்1 எயார், இடது பக்கம் சார்ஜ் துளைக்கு அருகே நகக்கண் அளவில் ஒரு கீறல். சீரியல் இலக்கத்தை அதிகாரசபைக்கு மறுபடியும் எழுதி அனுப்பியிருக்கிறேன். காலி வீதியில் யாராவது அதை உங்களுக்குக் காட்டினால் வாங்காதீர்கள்.