அபராதமா, ஈ.பி. கட்டா, நஷ்டஈடா? தோல் ஷாப் எதற்குப் பயப்படும்?

வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டியே தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலைகள், இருப்பதால், கழிவுநீரை வெளியே விடாமல் அவர்களைத் தடுப்பது அபராதமா, ஈ.பி. கட்டா (கரண்ட்டைத் துண்டிப்பதா), நஷ்டஈடா என்ற கேள்வி எங்கள் பக்கம் டீக்கடை பெஞ்சிலும் வரும்.

முதலில் அபராதம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், வட ஆற்காடு உட்பட ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டுகிற தீர்ப்பு, மறுக்கவில்லை. ஆனால் சின்ன ஷாப்புக்கும் பெரிய ஏற்றுமதிக்காரருக்கும் ஒரே தொகை என்றால், பெரியவர் அதை உப்பு, சுண்ணாம்பு வாங்கிய செலவோடு சேர்த்து எழுதிவிட்டுப் போவார்.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருந்தது: நவம்பர் 30-க்குள் சுத்திகரிப்பு வசதி செய், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வாங்கு, இல்லையென்றால் மூடு. இதுதான் சுடும். தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 33ஏ பிரிவில் வாரியம் மின்சாரத்தையே துண்டிக்கச் சொல்லலாம். கரண்ட் போனால் தோல் பதனிடும் டிரம் சுற்றாது, ஊறப்போட்ட பச்சைத்தோல் அழுகும், ஆர்டர் தள்ளிப்போகும். அது ஒரு நாளில் முதலாளிக்குப் புரிந்துவிடும், நோட்டீஸ் பத்து அனுப்பினாலும் புரியாதது.

மூடுவதிலும் ஓட்டை உண்டு. கூலிக்காரர்தான் முதலில் வீட்டில் உட்காருவார். அப்புறம், ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய, குரோமிய ரசாயனம் செய்த குரோமேட் ஆலையைப் பாருங்கள்: ஆலை நின்றது, லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு அங்கேயே கிடந்தது.

பல ஷாப்புகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்தம் செய்யும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் சின்ன ஷாப்புகளுக்கு வசதிதான், ஆனால் குழாயில் யார் எதை விட்டார்கள் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படி ஒரு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் செத்தார்கள்.

நஷ்டஈடு? நியாயம், ஆனால் ஆமை வேகம். பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு முடிவு செய்ய அமைத்த ஆணையம் 2001-லேயே தொகையைக் கணக்கிட்டுவிட்டது. 2025 ஜனவரி 30-லும் உச்ச நீதிமன்றம், அரசே ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டுக் கம்பெனிகளிடம் வசூலிக்கட்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. கால் நூற்றாண்டு கழித்து வரும் பணத்துக்கு இன்றைய முதலாளி ஏன் பயப்படப் போகிறார்?

என்னைக் கேட்டால் ஈ.பி. கட்டுதான். ஆனால் கனெக்‌ஷனைத் திரும்பக் கொடுக்கும்போது, கிணறு கெட்டுப்போன விவசாயிக்குப் பணம் கட்டிய ரசீதையும் காட்டச் சொல்ல வேண்டும்.