போட்ட வால்வைக் காணோம்: பலர் திருத்தும் வரைபடத்துக்கு எந்த முறை தேறும்?

"சார், நேத்து போட்ட வால்வு பதினாலும் காணோம்."

காட்பாடியில் எங்கள் சின்ன அலுவலகத்தில் காலை டீ வருவதற்கு முன்பே இந்தக் குரல் வந்துவிடும். ஓர் ஊரின் குடிநீர்க் குழாய், வால்வு, மேல்நிலைத் தொட்டி எல்லாவற்றையும் ஆறு பேர் ஒரே தரவுத்தளத்தில் வரைகிறோம். காணாமல் போனதாகச் சொல்லப்படும் வால்வு பெரும்பாலும் எங்கும் போயிருக்காது. பார்க்கிற இடம்தான் தப்பு. எங்கே பார்க்க வேண்டும் என்பது, தரவுத்தளத்தை எந்த முறையில் அமைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. மூன்று முறைகளிலும் வேலை பார்த்து மூன்றிலும் உதை வாங்கியவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

முதலாவது, ஆர்க்ஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் பழைய டிரெடிஷனல் வெர்ஷனிங். வெர்ஷன் என்றால் ஒரே தரவில் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளும் தனி நிலை. பெரிய பேரேட்டில் யாரும் கை வைக்காமல், பக்கத்தில் இரண்டு துண்டுச் சீட்டு வைத்துக்கொள்வது போன்றது. சேர்த்தவை ஒரு சீட்டில், அடித்தவை இன்னொன்றில். அவற்றுக்கு ஏ அட்டவணை, டி அட்டவணை என்று பெயர். ஒரு குழாயின் விட்டத்தை மாற்றினால் பழைய வரிசை டி-யிலும் புதிய வரிசை ஏ-யிலும் ஏறும். ஒவ்வொருவரும் தன் வெர்ஷனில் வேலை செய்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவான டிஃபால்ட் வெர்ஷனோடு ரீகன்சைல் (ஒப்பிட்டுச் சரிசெய்தல்) செய்து, பிறகு போஸ்ட் (டிஃபால்ட்டில் ஏற்றுதல்) செய்ய வேண்டும். சீட்டுகளைப் பேரேட்டில் ஏற்றிக் குப்பையைக் கழிக்கும் வேலைக்கு கம்ப்ரஸ் என்று பெயர்.

இரண்டாவது, 2018இல் ஆர்க்ஜிஐஎஸ்ஸின் சர்வர் பதிப்பான எண்டர்பிரைஸ் 10.6 உடன் வந்த பிராஞ்ச் வெர்ஷனிங். இதைப் புரியவைக்க ஒரே சொல் போதும்: வில்லங்கச் சான்று. எதுவும் அழியாது. ஒவ்வொரு மாற்றமும் அதே அட்டவணையில் நேரத்தோடு புது வரிசையாக விழும். கடைசி வரிசை எதுவோ அதுதான் இன்றைய நிலை. துண்டுச் சீட்டும் கிடையாது, கம்ப்ரஸும் கிடையாது. ஆனால் திருத்தம் எல்லாம் வெப் சர்வீஸ் வழியாகத்தான். போர்ட்டல், சர்வர் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பழைய டெஸ்க்டாப் மென்பொருளான ஆர்க்மேப்பில் இதைத் திருத்தவே முடியாது.

மூன்றாவது, வெர்ஷன் எதுவும் இல்லாத வெறும் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற இலவசத் தரவுத்தளம், மேலே வரைவதற்கு கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள். கரும்பலகை மாதிரி. கடைசியாக எழுதியவர் எழுத்துதான் நிற்கும்.

இப்போது வால்வுக்கு வருவோம். ஒரே தவறு முதல் இரண்டு முறைகளில் நேர்மாறான அறிகுறி காட்டும் என்பது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது. அவசரத்தில் ஒருவர் கியூஜிஐஎஸ்ஸைத் திறந்து நேராக அட்டவணையை இழுத்துப் பார்க்கிறார் என்று வையுங்கள். பழைய முறையில் அவருக்குத் தெரிவது பேரேடு மட்டும். சீட்டில் இருக்கும் வால்வுகள் தெரியாது. "டேட்டா போச்சு" என்று கத்துவார். பிராஞ்ச் முறையில் ஒரே வால்வு மூன்று நான்கு தடவை தெரியும், போன மாதம் அழித்ததுகூட உயிரோடு நிற்கும். "டூப்ளிகேட் விழுந்திருக்கு" என்று கத்துவார். இரண்டிலும் தரவு பத்திரமாகத்தான் இருக்கிறது. பழைய முறையில் எஸ்.க்யூ.எல். (தரவுத்தளத்தை நேராகக் கேட்கும் மொழி) வழியாகப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், பெயரின் கடைசியில் இ.வி.டபிள்யூ என்று முடியும் வெர்ஷன்டு வியூவைத் திறக்க வேண்டும். பிராஞ்சில் சர்வீஸ் வழியாக மட்டும் பாருங்கள். டூப்ளிகேட் என்று நினைத்து யாராவது டெலீட் கட்டளை போட்டுவிட்டால் அப்புறம் பேக்கப்பைத் தேட வேண்டியதுதான்.

சரியான இடத்தில் பார்த்தும் காணோமா? அப்போது கேட்க வேண்டிய கேள்வி, "போஸ்ட் பண்ணீங்களா?" பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதி கான்ஃப்ளிக்ட், அதாவது இரண்டு பேர் திருத்தம் மோதிக்கொள்வது. இதைச் சொல்ல நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாக்கி ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் வந்தன. ஆம்பூர் பக்கத்துக் கிராமங்களுக்கு எல்லாம் மாவட்டப் பத்தியில் 'திருப்பத்தூர்' என்று ஒருவர் மாற்றுகிறார். போன வாரமே வெர்ஷன் திறந்த இன்னொருவர், அதில் ஒரு கிராமத்தின் பாலாற்றங்கரை எல்லைக் கோட்டை நேராக்குகிறார். ஒருவர் தொட்டது பெயரை, மற்றவர் தொட்டது கோட்டை. ஆனால் கான்ஃப்ளிக்டை 'ஆப்ஜெக்ட்' (முழு வரிசை) அளவில் வரையறுத்திருந்தால் இது மோதல்தான். 'அட்ரிப்யூட்' (தனித்தனிப் பத்தி) அளவில் வைத்திருந்தால் மோதலே இல்லை, இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

ரீகன்சைல் வெர்ஷன்ஸ் கருவி தானாக எடுத்துக்கொள்வது ஆப்ஜெக்ட் அளவு. மோதினால் டிஃபால்ட் பக்கமே ஜெயிக்கும். நாங்கள் இதை மாற்றாமல், ராத்திரி தானாக ஓடும் ஸ்கிரிப்ட்டில் போட்டு, போஸ்ட் செய்ததும் வெர்ஷனை அழிக்கவும் சொல்லிவிட்டோம். இரண்டு நாள் வேலை சத்தமில்லாமல் போனது. எர்ரர் செய்தி ஒன்றுகூட இல்லை. லாக் முழுக்க 'வெற்றி'. மோதல் விவரமும் வெர்ஷனோடு சேர்ந்து அழிந்திருந்தது. முழுக்க எங்கள் தப்பு. மோதல் வந்தால் நிறுத்து என்று சொல்ல அதே கருவியில் ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போடாமல் ராத்திரி ஸ்கிரிப்ட் ஓட்டாதீர்கள்.

போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் இதே கதை எப்படி முடியும்? கியூஜிஐஎஸ் மாற்றிய பத்தியை மட்டும்தான் எழுதும். ஆகவே பெயரும் கோடும் இரண்டுமே பிழைக்கும். ஆனால் இரண்டு பேரும் அதே கோட்டைத் தொட்டிருந்தால் பின்னால் சேவ் செய்தவர் கோடு நிற்கும், முன்னவருடையது போனது யாருக்கும் தெரியாது. கான்ஃப்ளிக்ட் எர்ரர் வராத தரவுத்தளம் நிம்மதியாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பூட்டுச் சிக்கலில் மூன்றும் மூன்று விதம். பிராஞ்சில், டிஃபால்ட் தவிர்த்த வெர்ஷனை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திருத்தலாம். இரண்டு பேர் ஒரே வெர்ஷனில் உட்கார நினைத்தால் லாக் செய்தி வரும். அது கோளாறு இல்லை, வடிவமைப்பே அப்படி. ஆளுக்கொரு வெர்ஷன் கொடுங்கள். கரண்ட் போய்ப் பூட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால் வெர்ஷனின் உரிமையாளரோ நிர்வாகியோ அதை எடுத்துவிடலாம். போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் சேவ் பண்ணும்போது சுற்றிக்கொண்டே இருந்தால், யாரோ டிரான்ஸாக்‌ஷனைத் திறந்துவிட்டு (மாற்றத்தைத் தொடங்கி முடிக்காமல்) சாப்பிடப் போயிருக்கிறார் என்று பொருள்.

பழைய முறையில் பூட்டு வேறு வேடத்தில் வரும்: வேகக் குறைவாக. வரைபடம் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆகிறது, தினமும் கம்ப்ரஸ் ஓட்டியும் பயனில்லை என்றால், யாரோ வெள்ளிக்கிழமை புராஜெக்ட்டை மூடாமல் ஊருக்குப் போயிருக்கிறார். அந்த இணைப்பு பிடித்துவைத்திருக்கும் ஸ்டேட்டை (தரவின் ஒரு கட்ட நிலையை) கம்ப்ரஸ் கழிக்காது. ஆறு மாதமாக யாரும் தொடாத பழைய வெர்ஷனும் அதையேதான் செய்யும். கம்ப்ரஸ் லாக் அட்டவணையில் தொடக்க ஸ்டேட் எண்ணிக்கையையும் முடிவு எண்ணிக்கையையும் பாருங்கள். முடிவு 1 என்று வந்தால் சுத்தம். நூற்றுக்கணக்கில் நின்றால் ஆளைத் தேடுங்கள். வரிசையும் முக்கியம்: எல்லா வெர்ஷனையும் ரீகன்சைல் செய்து, போஸ்ட் செய்து, வேண்டாததை அழித்து, எல்லோரையும் வெளியேற்றி, பிறகு கம்ப்ரஸ், கடைசியில் இண்டெக்ஸையும் ஸ்டாட்டிஸ்டிக்ஸையும் புதுப்பிக்க வேண்டும். பிராஞ்சில் இந்தத் தலைவலி இல்லை, ஆனால் அட்டவணை பெருத்துக்கொண்டே போகும்.

கார்ட் என்று, புரோகிராமர்கள் தங்கள் நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் முறையில் இயங்கும் இலவசக் கருவியும் உண்டு. அடுக்கு முழுவதற்கும் கமிட் (மாற்றத்தைப் பதிதல்), மெர்ஜ் (இணைத்தல்) எல்லாம் செய்யலாம். மோதலை மறைக்காமல் முகத்துக்கு நேரே காட்டும். எனக்குப் பிடிக்கும். கட்டளை தட்டும் டெர்மினலைக் கண்டாலே எங்கள் பையன்கள் எழுந்து போய்விடுவதால் அது என் லேப்டாப்போடு நிற்கிறது.

சரி, எதை எடுப்பது? ஆர்க்மேப்பின் ஆதரவுக் காலத்துக்குக் கடைசி நாள் 2026 மார்ச் 1. புதிதாகத் தொடங்குபவர் பழைய முறைக்குப் போக ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. எண்டர்பிரைஸ் ஏற்கெனவே வாங்கி, சர்வரைக் கவனிக்க ஓர் ஆளும் உள்ள இடம் என்றால் பிராஞ்ச், யோசிக்கவே வேண்டாம். எங்களைப் போல ஆறு பேர், உரிமத்துக்குக் காசில்லை என்றால் போஸ்ட்ஜிஐஎஸ், கூடவே பழைய வரிசையை வரலாற்று அட்டவணையில் தானாகவே தள்ளும் ஒரு டிரிக்கர். அந்த டிரிக்கர் இல்லாமல் மட்டும் வேண்டாம். வேலூர் மாநகராட்சி போல 60 வார்டு உள்ள ஊர் என்றால் வார்டு வாரியாகப் பிரித்துக் கொடுங்கள்; இரண்டு வார்டுக்கு நடுவே சாலையில் ஓடும் மெயின் குழாயை மட்டும் தனியாக ஒருவர் பெயரில் எழுதிவையுங்கள். எங்கள் மோதல்களில் பெரும்பகுதி அந்தச் சாலைகளில்தான்.

அந்தப் பதினாலு வால்வா? பதின்மூன்று கிடைத்துவிட்டது, சேவ் அழுத்தாமல் திறந்தே கிடந்த கியூஜிஐஎஸ்ஸில் இருந்தது. பதினாலாவதை அவர் வரையவே இல்லை. வெயில் தாங்கல, நாளைக்குப் பாத்துக்கலாம்னு வந்துட்டேன் சார் என்றார்.