இரண்டு முறை இறக்கிய கியர்பாக்ஸ்: பெங்களூரு நெரிசலில் ஒரு கிளட்ச் செட்டின் 45,000 கிலோமீட்டர்

எங்கள் வீட்டில் 2014 முதல் ஓடிக்கொண்டிருக்கும் சிறிய பெட்ரோல் கார் இப்போது 1,04,000 கிலோமீட்டரைத் தொட்டிருக்கிறது. அதில் கடைசி 45,000 கிலோமீட்டரும் 2020 பிப்ரவரியில் போட்ட கிளட்ச் செட்டில் ஓடியவை. என்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவதும், பெடலை மிதித்தால் துண்டிப்பதும் கிளட்ச்தான்; இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் அதைத் தொட கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். அதற்கு முன்பே, 2018 நவம்பரில், கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றி, பதினைந்தே மாதங்களில் மறுபடியும் கியர்பாக்ஸை இறக்க வேண்டிய நிலைக்கு ஆளானேன். ஒரே வேலையை இரண்டு விதமாகச் செய்து பார்த்த அனுபவம் என்பதால், கிளட்ச் மாற்றும் நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் ராமமூர்த்தி நகரில் குடியிருக்கிறேன். அலுவலகம் எலக்ட்ரானிக் சிட்டியில். டின் ஃபேக்டரி, மாரத்தஹள்ளி, பெல்லந்தூர், சில்க் போர்டு என்று வெளிவட்டச் சாலையைப் பிடித்துப் போனால் முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம்தான், ஆனால் அந்தத் தூரத்துக்குள் கிளட்சை எத்தனை நூறு முறை மிதித்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. இங்கே ஓடோமீட்டரை மட்டும் வைத்துக் கிளட்சின் வயதைக் கணக்கிடக் கூடாது. ஓசூரிலிருந்து சேலம் வரை நெடுஞ்சாலையில் போய் வரும் வண்டியில் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாங்கும் பிளேட், பெல்லந்தூர் நெரிசலில் அதில் பாதியில் தேய்ந்துபோவது இயல்பு.

முதல் எச்சரிக்கை கிடைத்தது 2018 அக்டோபரில், 45,000 கிலோமீட்டர் அளவில். குடும்பத்தோடு ஏலகிரிக்குப் போயிருந்தோம். புலவர்கள், வள்ளல்களின் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் வண்டிக்குள் ஒரு நாற்றம் பரவியது; பழைய ரப்பரும் காகிதமும் சேர்ந்து கருகுவது போன்ற நாற்றம். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் என்ஜின் சத்தம் கூடுகிறது, ஆர்.பி.எம். முள் ஏறுகிறது, வண்டியின் வேகம் மட்டும் கூடவில்லை. ஊர் திரும்பிய பின், வண்டிகள் இல்லாத சமதளச் சாலையில் நான்காம் கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பார்த்தேன். அங்கேயும் முள் தனியாகத் துள்ளியது. பிளேட் வழுக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. இந்தச் சோதனையை ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம். வழுக்கும் ஒவ்வொரு நொடியும் ஃப்ளைவீல், அதாவது பிளேட் அழுந்தி நிற்கும் என்ஜின் பக்கத்துச் சக்கரம், சூடேறும்.

பெடலும் தன் பங்குக்கு மாதக் கணக்கில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் வண்டியில் இருப்பது கேபிள் கிளட்ச்; பெடலின் அசைவு ஒரு கம்பி வழியாகக் கிளட்சுக்குப் போகும். பிளேட் தேயத் தேய பெடலின் மேல்பகுதியில் இருக்க வேண்டிய தளர்வு குறைந்துகொண்டே வரும், வண்டி நகரத் தொடங்கும் இடமும் மேலேறிக்கொண்டே போகும். காலை ஏறக்குறைய முழுவதும் எடுத்த பிறகுதான் வண்டி நகர்கிறது என்றால் அதைப் பழக்கம் என்று விட்டுவிடக் கூடாது. பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட்; பெடலை மிதித்தால் அதன் விரல்களைத் தள்ளிப் பிடியை விடுவிப்பது ரிலீஸ் பேரிங். தளர்வு முற்றிலும் இல்லாமல் போனால் இந்தப் பேரிங் எப்போதும் அந்த விரல்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பிளேட்டின் மீதான பிடி மேலும் குறைந்து தேய்மானம் விரைவாகிவிடும். ஆயில் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச் உள்ள வண்டிகளில் பெடல் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிக்கொடுக்காது. அங்கே ஆர்.பி.எம். முள்ளைத்தான் கவனிக்க வேண்டும்.

முதல் முறை போன பட்டறையில் பிளேட்டை மட்டும் மாற்றினார்கள். பிரஷர் பிளேட் நன்றாக இருக்கிறது, பேரிங் சத்தம் போடவில்லை, வீண்செலவு எதற்கு என்றார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பிளேட்டுக்கு 1,900 ரூபாய், கூலி 3,500 ரூபாய், ஆக 5,400 ரூபாயில் வேலை முடிந்தது. இரண்டு மாதம் வண்டி புதியது போல இழுத்தது. அதன் பிறகு காலையில் முதல் கியரிலும் ரிவர்ஸிலும் எடுக்கும்போது மெல்லிய நடுக்கம் வந்தது. ஓராண்டு கழித்துப் பெடலை மிதித்தால் மட்டும் கேட்கும் ஒரு கிறீச்சொலி சேர்ந்துகொண்டது. இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது: பெடலை மிதிக்கும்போது சத்தம் வந்தால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங், நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது சத்தம் இருந்து, மிதித்தவுடன் அடங்கினால் கியர்பாக்ஸின் உள்ளே இருக்கும் பேரிங். இரண்டாவது வேலை இன்னும் பெரிது.

இரண்டாம் முறை லிங்கராஜபுரத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். திருப்பத்தூர்க்காரர், வயதில் மூத்தவர், அண்ணன் என்றுதான் எல்லோரும் அழைப்போம். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, பேரிங்கை மட்டும் மாத்தித் தரேன்னு சொன்னா அது உங்களுக்கு நான் பண்ற துரோகம். இறக்குறதுன்னு ஆயிட்டா பின்னாடி என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் பார்த்துடலாம்" என்றார். அன்று முழுவதும் பட்டறையிலேயே இருந்தேன்.

பேட்டரியையும் அதன் தட்டையும் எடுத்து, டிரைவ் ஷாஃப்ட்டுகளைக் கழற்றி, கியர்பாக்ஸை ஜாக்கியில் தாங்கி இறக்குவதற்கே நண்பகல் ஆகிவிட்டது. கூலியின் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது என்பதைக் கண்ணால் பார்த்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன். பேரிங் ஐந்நூறு ரூபாய்ப் பொருளாக இருந்தாலும் அதைத் தொட இத்தனையும் கழல வேண்டும்.

கழற்றிய பிளேட்டை அண்ணன் ஒரு பழந்துணியில் வைத்து என்னிடம் நீட்டினார். பதினைந்து மாதங்களே ஓடியது. ஆனாலும் ஒரு பக்கத்தில் கண்ணாடி போல வழவழப்பு ஏறியிருந்தது. விளிம்பில் ஒரு விரலகலத்துக்கு ஆயில் படிந்து கறுத்திருந்தது. புதிய பிளேட்டில் ஆணித் தலைகள் பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உட்கார்ந்திருக்கும், விரல் நகத்தை வைத்தால் பள்ளம் தெரியும். இதில் நகம் லேசாகவே இறங்கியது. ஃப்ளைவீலின் முகத்தில் நான்கைந்து இடங்களில் மயில் கழுத்து நிறத்தில் நீலத் திட்டுகள் இருந்தன. முன்பு பிளேட் வழுக்கியபோது சூடேறி இறுகிப்போன இடங்கள் அவை. அந்தத் திட்டுகள் மீது புதிய பிளேட்டை வைத்து மூடியதால்தான் வண்டி நடுங்கியிருக்கிறது. ஃப்ளைவீலைக் கழற்றியதும் ஆயிலுக்கும் காரணம் தெரிந்தது: அதன் பின்னால், என்ஜின் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையமான கிராங்க் ஷாஃப்ட் சீலின் கீழ்ப்பகுதி ஈரமாக இருந்தது. 2018-இலேயே யாராவது ஃப்ளைவீலைக் கழற்றிப் பார்த்திருந்தால் சில நூறு ரூபாய்ச் சீலோடு இது முடிந்திருக்கும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ஜே.சி. சாலையில் கிளட்ச் செட்டை வாங்கி வந்தோம். லுக், வாலியோ, எக்ஸெடி என்று பல பெயர்கள் அங்கே கிடைக்கின்றன. எங்கள் வண்டிக்கு லுக் செட் இருந்தது; பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் ஒரே பெட்டியில். அந்த நிறுவனத்துக்கு ஓசூரில் ஆலை உண்டு. போலிகளும் உலவும் சந்தை என்பதால் பெட்டியின் முத்திரையைப் பார்த்து, பில் போட்டே வாங்க வேண்டும் என்பதில் அண்ணன் கண்டிப்பாக இருந்தார்.

பொருத்தும்போது அவர் காட்டிய நிதானத்தைச் சொல்லியாக வேண்டும். ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து, திட்டுகள் மறையும் அளவுக்கு மட்டும் முகத்தைச் சீவி வாங்கினார். பரப்புகளை பிரேக் கிளீனரால் துடைத்த பிறகு விரல் படாமல் விளிம்பைப் பிடித்தே பிளேட்டைத் தூக்கினார். ஸ்ப்ளைனில், அதாவது பிளேட் உட்காரும் கியர்பாக்ஸ் தண்டின் பல்வரிகளில், கிரீஸை ஒரு மெல்லிய பூச்சுக்கு மேல் வைக்கவில்லை. அதிகமானால் சுழற்சியில் சிதறிப் பிளேட்டில்தான் விழும். பிளேட்டை நடுமையத்தில் நிறுத்தும் கட்டையைச் செருகி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கினார். ஒரே பக்கமாக முறுக்கினால் பிரஷர் பிளேட் கோணிவிடும்.

கிளட்ச் செட் 5,600, சீல் 350, லேத் வேலை 600, கியர் ஆயில் 750, கூலி 4,000, ஆக மொத்தம் 11,300 ரூபாய். இதே வேலைக்கு ஒரு சர்வீஸ் மையத்தில் கேட்டிருந்த தொகை 17,000 ரூபாய்க்கு மேல். முதல் முறை கொடுத்த 5,400 ரூபாயில் எனக்குக் கிடைத்தது பதினைந்து மாத ஓட்டம் மட்டுமே. அப்போதே முழுச் செட்டைப் போட்டிருக்க வேண்டும்.

முதல் 800 கிலோமீட்டர் வரை இழுத்து ஓட்டவில்லை, மேட்டில் நிறுத்தி எடுக்கவில்லை. நடுக்கம் அன்றே போயிற்று. பெடல் முன்பைவிட மென்மையானது. மைலேஜில் மாற்றம் எதையும் நான் காணவில்லை.

என் இடது காலையும் மாற்றிக்கொண்டேன். கே.ஆர்.புரம் தொங்கு பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகரும்போது, ஹேண்ட்பிரேக்கைத் தொடாமல் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துவது ஆண்டுக்கணக்கில் என் வழக்கமாக இருந்தது. பிளேட்டை அரைப்பதற்கு அதைவிட விரைவான வழி இல்லை. இப்போது ஏற்றத்தில் நின்றால் ஹேண்ட்பிரேக், சிக்னலில் நின்றால் நியூட்ரல், இரண்டிலும் கால் பெடலைவிட்டு முழுவதும் விலகித் தரையில். முன்னால் இருக்கும் வண்டி ஒரு முழம் நகர்ந்ததும் நானும் நகர்வதை நிறுத்திவிட்டு, நாலைந்து வண்டி நீளம் இடைவெளி விழுந்த பிறகே முதல் கியரில் போய்ச் சேர்கிறேன். பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். மெட்ரோ பணிகளால் வெளிவட்டச் சாலை சுருங்கிக் கிடந்த ஆண்டுகளிலும் இந்தப் பிளேட் தாக்குப்பிடித்ததற்கு இந்தப் பழக்கம் பெரிய காரணம் என்று நம்புகிறேன்.

இடையில் ஒரே ஒரு தொல்லை வந்தது. 88,000 கிலோமீட்டரில் பெடல் கனத்தது, பாதியில் சொரசொரத்தது. கிளட்ச் போய்விட்டதோ என்று பயந்தேன். கேபிளின் உள்ளே இருந்த கம்பி இழைகள் அறுந்து உறையில் உரசியதுதான் காரணம். கேபிளை மட்டும் மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கியர்பாக்ஸைத் தொடவும் தேவைப்படவில்லை. பெடல் கனத்தாலே கிளட்ச் செட் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் கேபிளைக் கழற்றிக் கையால் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சென்ற மாதச் சர்வீஸில் கேபிள் முனையின் நட்டைப் பார்த்தோம். இன்னும் முறுக்கிச் சரிசெய்வதற்குப் பாதிக்கு மேல் மரை மீதம் இருக்கிறது. பெடலை ஏறத்தாழ நடுவரை விடுவித்ததும் வண்டி நகர்கிறது.