போர்டோ கலவையும் பேட்டரி ஸ்ப்ரேயரும்: வீட்டு மாமரத்தில் நாலு பருவம்

சேலத்து வீட்டுத் தோட்டங்களில் மல்கோவாவோ செந்தூராவோ ஒன்றாவது நிற்கும். அவற்றுக்கு நாலு பருவம் விடாமல் மருந்து அடித்ததில் தெளிவானது, எந்த மருந்து என்பதைவிட எப்போது அடிக்கிறோம் என்பதே முக்கியம். மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் சேர்த்துச் செய்யும் போர்டோ கலவை நோய் வந்த இலையைத் தேற்றாது. இலைமேல் படலமாக ஒட்டி நின்று பூசணத்தை முளைக்கவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும், பூங்கொத்து எட்டிப் பார்ப்பதற்குள் அடித்துவிட வேண்டும்.

10 லிட்டருக்கு 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் நீற்றாத சுண்ணாம்பு. துத்தத்தைத் துணியில் முடிந்து 5 லிட்டர் தண்ணீரின் மேல்மட்டத்தில் இரவு தொங்கவிட்டால், நீலக் கோடுகளாகக் கீழே இறங்கிக் காலைக்குள் கரைந்துவிடும். வாளியின் அடியில் போட்டால் கட்டியாகவே கிடக்கும். சுண்ணாம்பைத் தண்ணீர் தெளித்து நீற்றி, ஆறியபின் மீதி 5 லிட்டரில் கரைத்து, பழைய வேட்டியில் இருமுறை வடிகட்டவும். துத்தக் கரைசலைத்தான் சுண்ணாம்புப் பாலில் கலக்கியபடி ஊற்ற வேண்டும். இரும்பு, தகரப் பாத்திரம் ஆகவே ஆகாது.

தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புக் கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்திருந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது. அப்படியே அடித்தால் தளிர் கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்த்துத் திரும்பப் பாருங்கள். காற்றுப்பட்டுப் பழசான சுண்ணாம்பு 100 கிராம் போதாது, கோளாறு பெரும்பாலும் இங்கேதான். கலவையை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

16 லிட்டர் பேட்டரி ஸ்ப்ரேயர் கைப்பம்பைவிட எவ்வளவோ மேல். ஆனால் சுண்ணாம்புத் துகள் நாசிலை அடைக்கும். அடித்து முடித்ததும் நல்ல தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நாசிலைக் கழற்றிப் புளித்தண்ணீரில் ஊறவைத்தால் சுண்ணாம்பு விட்டுவிடும். ஊசி போட்டுக் குத்தினால் துளை அகன்று, புகைபோல வர வேண்டியது சொட்டாக விழும். வருஷத்துக்கு ஒருமுறை வாஷரை மாற்றிவிடுங்கள்.

பூங்கொத்தில் சாம்பல் நோய் தெரிந்தால் நனையும் கந்தகம் (வெட்டபிள் சல்ஃபர்) லிட்டருக்கு 2 கிராம். மாசி வெயில் ஏறியபின் கந்தகம் அடித்தால் பூ கருகும், காலையிலேயே முடித்துவிட வேண்டும். பூங்கொத்தில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, காதி சோப்புக் கரைசலோடு. போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து எண்ணெய் தனியே மிதக்கும், அது பட்ட இடம் பொசுங்கும். இதற்கு மட்டும் குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். கந்தகத்துக்கும் எண்ணெய்க்கும் நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். பூ முழுசாக விரிந்த நாட்களில் எதுவுமே வேண்டாம். தேனீயும் ஈயும் வராவிட்டால் காய் ஏது?

பழ ஈக்கு மருந்தைவிடப் பொறியும், விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கிப் புதைப்பதும் மேல்.

ஏற்காட்டில் கணக்கு வேறு. காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய்க்கு இதே போர்டோவை 0.5 சதவீதமாக அடிக்கிறார்கள், அதாவது 10 லிட்டருக்கு 50 கிராம் துத்தம். அங்கே ஆரஞ்சு, பேரி மரங்களுக்கு விடியற்காலையில் அடித்தால் பனி ஈரத்தோடு மருந்தும் வழிந்துவிடும். இலை உலர்ந்த பிறகு தொடங்கி, அன்று மாலை மழை இருக்காது என்று வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் துத்தத்தையே கரைக்க வேண்டும்.