ஒரிஜினல் சான்றிதழை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடாதீர்கள்

நர்சிங் முடித்து முதல் வேலைக்குப் போகும் தங்கைகள், தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை. இன்டர்வியூவில் ஐ.சி.யு. வேலை என்றார்கள். சேர்ந்த அன்றே எச்.ஆர். அறையில் 20 ரூபாய் முத்திரைத்தாளை நீட்டினார்கள். இரண்டு வருட பாண்டு, நடுவில் நின்றால் ஒரு லட்சம். "எல்லாரும் போடுறதுதாம்மா" என்றதும் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழ் வரை எல்லா ஒரிஜினலையும் வாங்கிக்கொண்டார்கள். ரசீது தரவில்லை, நானும் கேட்கவில்லை.

என்னைப் போட்டது பொது வார்டில். நைட் ஷிப்டில் 22 நோயாளிகளுக்கு நான் ஒருத்தி. ஒரு ராத்திரி இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் மூச்சுத் திணறியது. யாரிடம் முதலில் ஓடுவது என்று தெரியாமல் நின்றேன். பதினோராம் நாள் ராஜினாமா கடிதம் கொடுத்தேன். ஒரு லட்சம் கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள். அந்த நேரம் பார்த்து, அரசு மருத்துவமனைகளுக்கு நர்சுகளைத் தேர்வு செய்யும் எம்.ஆர்.பி. வாரியத்திலிருந்து சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தது. கையில் வெறும் ஜெராக்ஸ்.

அப்பா ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனார். பாண்டு செல்லவே செல்லாது என்று சீனியர்கள் சொல்வதை நம்பாதே என்றார் அவர். ஒரு வங்கி ஊழியரின் இரண்டு லட்ச ரூபாய் பாண்டு செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி தாளில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். எனக்குப் பயிற்சி என்று அவர்கள் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை. முக்கியமாக, சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை. அதைப் பிடித்துவைக்க உரிமை கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பணம் வேண்டுமென்றால் அவர்கள் வழக்குப் போடட்டும்.

வக்கீல் நோட்டீஸ் போன ஒன்பதாம் நாள் கூப்பிட்டுச் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். பதினோரு நாள் சம்பளம் தரவில்லை. ஒரு லட்சத்தைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

சரிபார்க்க ஒரிஜினலைக் காட்டுங்கள், கையோடு திரும்ப வாங்குங்கள். வைத்துக்கொள்வோம் என்றால் ஒவ்வொன்றின் பெயரும் எழுதி, சீல் வைத்த ரசீது கேளுங்கள். பாண்டின் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

அன்று சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு வந்து, பஸ் ஸ்டாப்பில் நின்று எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்பு டி.சி. மட்டும் இல்லை. ரசீது இல்லாததால் அதைக் கொடுத்தேன் என்று நிரூபிக்க முடியவில்லை. இன்னும் அலைந்துகொண்டிருக்கிறேன்.