அதே பெயரில் வந்த வேறு டென்ட்: ஏமாறாமல் இருக்க

பன்னிரண்டு வருடம் உழைத்த, இருவர் படுக்கும் டென்ட்டுக்குப் பதிலாக, அதே பெயரிலேயே புதிது வாங்கி ஏமாந்த விவரம் இது. "பழைய மாடலேதான், இன்னும் மேம்படுத்தியிருக்கிறார்கள்" என்று விற்பவர் அடித்துச் சொன்னார். விளம்பரத்தில் இருந்தது: அலுமினியக் கம்பி, 3000 மி.மீ. நீர் தாங்கும் துணி, எடை 2.1 கிலோ. வந்ததைத் தராசில் வைத்தால் 2.9 கிலோ.

பெரிய புரட்டு கம்பியில். சாம்பல் நிறம் பூசியிருந்ததால் பார்வைக்கு அலுமினியம் போலவே இருந்தது. துண்டுகளைச் செருகும் குழாயில் காந்தத்தை வைத்ததும் டக்கென்று ஒட்டிக்கொண்டது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. இது ஃபைபர் கிளாஸ் கம்பி, மூட்டில் மட்டும் இரும்புக் குழாய். ஃபைபர் கிளாஸ் நாளாக நாளாக நீளவாக்கில் பிளந்து, மடிக்கும்போது சிலாம்பு கையில் ஏறும். பிளந்த முனை துணியையும் கிழிக்கும்.

அடுத்து அந்த 3000. துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கசியத் தொடங்கும் என்பதன் அளவு அது. பெட்டிக்குள் இருந்த தாளின் மூலையில் பொடி எழுத்தில் உண்மை இருந்தது: அடித்துணி 3000, மேல்துணி 1500. தையல் சரியாக இருந்தால் 1500-ம் மழைக்குத் தாங்கும். இங்கே தையலே சரியில்லை. உள்பக்கம் ஒட்டும் டேப், இழுகயிறு மாட்டும் மூலைக்கு இரண்டு விரற்கடை முன்பே நின்றுவிட்டது. ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியதும் ஊசித்துளை வழியாகச் சொட்டியது. "நனைத்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று பதில் வந்தது. அதனால் நனைக்கவே வேண்டாம். இருட்டறையில் ஒருவர் வெளியிலிருந்து தையல் ஓரமாக டார்ச் அடிக்க, உள்ளே இருப்பவர் பார்த்தால் போதும்; டேப் இல்லாத இடத்தில் துளைகள் புள்ளிபுள்ளியாக ஒளிரும்.

கூடவே வாங்கிய ஸ்லீப்பிங் பேக்கும் இதே கதை. விளம்பரத்தில் "மைனஸ் 5 டிகிரி தாங்கும்". உள்ளே தைத்திருந்த சீட்டில் மூன்று எண்கள்: 12, 8, மைனஸ் 5. ஸ்லீப்பிங் பேக்குக்கான சர்வதேசத் தர அளவான ஐஎஸ்ஓ 23537 முறைப்படி முதல் எண் நிம்மதியாகத் தூங்கும் அளவு, இரண்டாவது சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை. மூன்றாவது உயிர் தப்பும் அளவு மட்டுமே. அந்தக் குளிரில் உடல் விறைக்கும் ஆபத்து உண்டு. வாங்கும்போது முதல் எண்ணைக் கேளுங்கள். சொல்ல மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

இதில் வயிற்றெரிச்சல், பழைய டென்ட்டை மாற்றியிருக்கவே வேண்டாம் என்பதுதான். பழுது பார்ப்பவர் "ஜிப் போய்விட்டது, முழுசா மாத்தணும், அதுக்குப் புதுசே வாங்கலாம்" என்றார். ஜிப்பை மூடிய பின்னாலேயே அது திறந்துகொண்டால் பெரும்பாலும் பல் தேயவில்லை, ரன்னர் அகன்றுவிட்டது. ரன்னரின் பின்பக்கம் இருக்கும் எண்ணைப் பார்த்து அதே அளவு வாங்கி, ஜிப்பின் ஒரு முனைத் தையலைப் பிரித்துக் கோத்து, மறுபடி தைத்தால் முடிந்தது. தற்காலிகமாக, ரன்னரின் இரு ஓரத்தையும் குறடால் மெல்ல அழுத்தலாம். ஓங்கி அழுத்தினால் உடைந்துவிடும். கம்பிக்குள் ஓடும் எலாஸ்டிக் தளர்ந்ததற்கும் டென்ட்டை வீச வேண்டியதில்லை, கயிற்றை மாற்றினால் போதும்.

உண்மையில் எப்போது முடிந்துபோகிறது? உள்பக்கத்தைத் தொட்டால் பிசுபிசுத்து, புளித்த வாடை அடித்து, பூச்சு செதில் செதிலாக உரிந்தால். ஈரம் பாலியூரித்தேன் பூச்சைச் சிதைத்துவிட்ட அடையாளம் அது. நனைந்த டென்ட்டைச் சுருட்டி வைத்தால் சீக்கிரமே இந்தக் கதி வரும். இதற்கு "வாட்டர்ப்ரூஃப் ஸ்ப்ரே" விற்பவரை நம்பாதீர்கள். அது வெளித்துணியில் தண்ணீர் உருண்டோடச் செய்யுமே தவிர, உள்பக்கம் உரிந்துபோன பூச்சைத் திருப்பித் தராது.

பார்சல் வந்தால் சீட்டைக் கிழிக்காமல், தரையில் விரிப்பு போட்டு அதன்மேல் பிரியுங்கள். தராசு, காந்தம், டார்ச் மூன்றும் பக்கத்தில் இருக்கட்டும். விளம்பரப் பக்கத்தை ஆர்டர் போடும் அன்றே படம் எடுத்து வையுங்கள். எங்கள் புகார் போன பிறகு அங்கே "அலுமினியம்" என்ற சொல் காணாமல் போயிருந்தது.